தீபாவளிக்கு யார் வீட்டுக்கு?

பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு லீவு நாட்கள் வரமா... வம்பா?

தீபாவளி நெருங்கினால் பிள்ளைகளுக்குப் பட்டாசு ஞாபகம் வரும், புது டிரஸ் ஞாபகம் வரும். சில பிள்ளைகளுக்கு மட்டும் வயிற்றுவலி வருகிறது! 'தொப்புளைச் சுத்தி வலிக்குதும்மா' என்று சுருண்டு படுத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் போனால் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார், ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சி மருந்தும் கொடுக்கிறார். ஒன்றும் பிடிபடுவதில்லை. லீவு முடிந்து ஸ்கூல் திறந்ததும் வலி போன இடம் தெரிவதில்லை.

ஸ்கூலுக்கு மட்டம் போட வரும் வயிற்றுவலியைப் பற்றி எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். லீவு விட்டதும் வருகிற இந்த வலி வேறு ரகம். அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாகப் பிரிந்துவிட்ட குடும்பங்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம். குழந்தை நடிக்கவில்லை. வலி நிஜம். 'நான் எங்கே போனாலும் இன்னொருத்தர் அழப்போறாங்க' என்ற பயத்தை வாயால் சொல்லத் தெரியாததால், வயிறு சொல்கிறது.

சனிக்கிழமை சரி... பண்டிகைதான் சண்டை!

பிரிந்த புதிதில் கோர்ட்டிலோ, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் முன்னிலையிலோ ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். குழந்தை அம்மாவிடம் இருக்கும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அப்பா வந்து அழைத்துப்போவார். சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டாலும் நாலைந்து மாதத்தில் இது பழகிவிடும். சனிக்கிழமை என்றால் அப்பா, பீச், மிளகாய் பஜ்ஜி. அவ்வளவுதான்.

இது ஏன் பழகுகிறது தெரியுமா? சனிக்கிழமைக்கு யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. 'இந்தச் சனிக்கிழமை பேரன் என் வீட்டுலதான் இருக்கணும்' என்று எந்தப் பாட்டியும் அடம்பிடிப்பதில்லை.

பண்டிகை வந்தால் கதை மாறிவிடுகிறது. அது இரண்டு பேர் விவகாரமாக இருந்த வரைக்கும் சரி. இப்போது அப்பத்தா வருகிறார், அம்மாச்சி வருகிறார், 'மருமகன் இல்லாட்டிப் போகுது, பேரப்பிள்ளையாவது வரட்டும்' என்று பெரியப்பா வருகிறார். 'பேத்தி வராம பொங்கப் பானையை அடுப்புல ஏத்த மாட்டேன்' என்று ஒரு குரல். 'பெத்தவளுக்குப் பிள்ளையோட தீபாவளி கொண்டாடக்கூட உரிமை இல்லையா?' என்று இன்னொரு குரல். இரண்டு பேச்சும் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதுதான் நடக்கும். டிவியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கும். எல்லாம் காதில் விழும்.

பாதிப் பாதி தீபாவளி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. யாரென்று தெரியக்கூடாது என்பதால் ஊர்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மா வீடு சென்னை பெரம்பூர். அப்பா திருநெல்வேலி. பையனுக்கு 9 வயது. 'பண்டிகை நாட்களில் இருவரும் சரிபாதி நேரம் குழந்தையுடன் இருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடந்ததைக் கேளுங்கள்.

விடியற்காலை 4 மணிக்கு எழுப்பி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, லேகியம் கொடுத்து, புது டிரஸ் போட்டாயிற்று. 6 மணிக்குப் பட்டாசு. இட்லி, குழம்பு, அதிரசம், முறுக்கு. பதினொன்றரைக்கே 'சீக்கிரம் சாப்பிடுடா, ரெண்டு மணிக்கு உங்கப்பா வந்துருவாரு' என்று ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணிக்கு அப்பா வந்தார். மேலே வரவில்லை, கேட்டுக்கு வெளியே பைக்கோடு நின்றார். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக நேரம் ஏது? தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில்தான் ஏற்பாடு. போனதும், 'அதைக் கழட்டு, அப்பா எடுத்த டிரஸ்ஸைப் போடு.' சித்தி ஆசையாக இலை போட்டுவிட்டார், வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார். இரண்டாவது சாப்பாடு. சாயங்காலம் பட்டாசு முடிந்து 8 மணிக்குக் கிளம்பினார்கள். தீபாவளி ராத்திரி, ஜி.எஸ்.டி. ரோடு... பெரம்பூர் வந்து சேர மணி 10. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். 'டைம் என்ன தெரியுமா?' 'நானா ரோட்டை அடைச்சு வெச்சேன்?' பையன் மாடிப்படியிலேயே வாந்தி எடுத்தான்.

மறுநாள் அவனிடம், 'தீபாவளி எப்படிடா இருந்துச்சு?' என்று கேட்டதற்கு, 'எந்த தீபாவளி?' என்றானாம்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. அப்பா அத்தனை தூரம் ரயிலேறி வந்திருக்கிறார். அம்மா விடிய விடியப் பலகாரம் சுட்டிருக்கிறார். ஆனால் நேரத்தைச் சரியாக இரண்டாக வெட்டிப் பகிர்ந்துகொண்டதில் பையனுக்கு ஒரு முழு தீபாவளிகூடக் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கு நியாயமான கணக்கு வேறு, பிள்ளைக்கு நிம்மதியான கணக்கு வேறு. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் கோளாறாகின்றன.

எதைப் பங்கு போடலாம்? எதைக் கூடாது?

தீபாவளி நம் ஊரில் ஒரு விடியற்காலைப் பண்டிகை. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, முதல் வெடி... எல்லாம் காலை 8 மணிக்குள் முடிந்துவிடும். 2018-லிருந்து தமிழ்நாட்டில் பட்டாசுக்கும் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் அரசு நேரம் குறித்துவருகிறது. இந்தக் காலைப்பொழுதை வெட்டிப் பகிர முடியாது. ஒரு வருடம் முழுசாக அம்மா வீடு, அடுத்த வருடம் முழுசாக அப்பா வீடு. இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த வருடம் கிடைக்காதவருக்கு வலிக்கும்தான். அதற்கு ஈடாகப் பொங்கலை வைத்துக்கொள்ளலாம். இந்த வருடம் தீபாவளி அப்பா வீட்டில் என்றால் பொங்கல் அம்மா வீட்டில். அடுத்த வருடம் மாற்றிப்போட்டுக்கொள்ள வேண்டியது.

பொங்கல், பாவம், இளகிய மனசுக்காரப் பண்டிகை. போகி, பெரும்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் என்று நாலு நாள் கொடுத்திருக்கிறது. இரண்டு வீடும் ஒரே ஊரில் இருந்தால் முதல் இரண்டு நாள் ஒரு வீடு, அடுத்த இரண்டு நாள் ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் 600 கிலோமீட்டர் இருந்தால் அந்த ஆசை வேண்டாம். பிள்ளை பொங்கலை ரயிலில்தான் கொண்டாட வேண்டியிருக்கும்.

எல்லா வீட்டுக்கும் தீபாவளிதான் பெரிசு என்றும் நினைக்காதீர்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாவிட்டால் மனசே ஆறாது. அது பரீட்சை நேரத்தில் வந்து நிற்கும். சில வீடுகளில் அம்மன் கோயில் கொடைதான் எல்லாம். முஸ்லிம் குடும்பம் என்றால் ரம்ஜானும் பக்ரீத்தும் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். பிறை பார்த்த பிறகுதான் நாள் உறுதியாகும். அதனால் தேதி போடாமல் 'பெருநாள் அறிவிக்கப்படும் நாள்' என்று எழுதிக்கொள்வது உத்தமம். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் இந்து என்று காதல் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்தவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வசதி. கிறிஸ்துமஸ் அவருக்கு, தீபாவளி இவருக்கு, தகராறே இல்லை!

ஆடித் தள்ளுபடியிலேயே தீபாவளிப் பேச்சு

பெரும்பாலான சண்டைகள் நடப்பது பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால். அதுவும் போனில், அதுவும் ராத்திரி. அந்த நேரத்தில் பேசினால் சமாதானம் எப்படி வரும்?

ரயில்வே கணக்குப்படி யோசித்துப் பாருங்கள். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்பு ரிசர்வேஷன் திறக்கிறார்கள். அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. தீபாவளி நேரத்து நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் காலியாகிவிடும். அப்படியானால் பிள்ளை எங்கே போகிறது, யார் கூட்டிப்போகிறார், யார் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார், டிக்கெட் காசு யாருடையது... இத்தனையும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். கடைகளில் ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டியிருக்கும்போதே தீபாவளியைப் பேசி முடித்துவிடுங்கள். தீபாவளி லேகியம் செரிப்பதற்குள் பொங்கலையும்!

பேச முடியாத அளவுக்குக் கசந்துபோயிருந்தால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் நாலே வரி போதும். 'போன தடவை நீ என்ன பண்ணே தெரியுமா' என்று ஐந்தாவது வரி எழுத விரல் துடிக்கும். எழுதாதீர்கள். செய்யவே கூடாத ஒன்று, பிள்ளையைத் தபால்காரர் ஆக்குவது. 'உங்கப்பாகிட்ட சொல்லு, சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொண்டுவந்து விடணும்னு.' 'உங்கம்மாகிட்ட சொல்லு, நான் வேலைக்காரன் இல்லேன்னு.' பிரிந்த பிறகு ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் எல்லாப் பேச்சும் பிள்ளை வழியாகப் போகிறது. தகவல் கொண்டுபோகிற பிள்ளைதான் அந்தப் பக்கத்துக் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்கிறது.

கோடை லீவு: வயசைப் பாருங்கள்

ஒரு மாதத்துக்கு மேல் நீளும் கோடை லீவில் 'பாதி எனக்கு, பாதி உனக்கு' என்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் எல்லா வயசுக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையைப் பத்து நாள் தள்ளி அனுப்புவது கூடாது. இரண்டு, மூன்று வயது வரைக்கும் குழந்தைக்கு வேண்டியது நீண்ட தங்கல் அல்ல, அடிக்கடி பார்ப்பது. அப்பா இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டுப் போனால் முகம் மறக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு வாரம் தூக்கிக்கொண்டு போனால் குழந்தை மிரண்டுவிடும்.

நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் 'பத்து நாள்' என்றால் என்னவென்று புரியாது. 'அம்மா எப்ப வருவா?' என்று தினமும் கேட்கும். இதற்குச் சுலபமான வழி, நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர். பத்து நாள் என்றால் பத்துத் தாளை எடுத்துக் கிளிப் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். தினமும் ராத்திரி ஒரு தாளைக் கிழிக்கட்டும். 'தாள் தீர்ந்ததும் அம்மாகிட்ட போறோம்' என்றால் அழுகை பாதியாகும். பழைய தலையணை உறையோ, கரடி பொம்மையோ கூடவே போகட்டும். அழுக்காக இருந்தாலும் துவைக்காமல் அனுப்புங்கள். அந்த வாசனைதான் அதற்குத் தூக்க மருந்து.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு வாரம் தாராளமாக இருப்பார்கள். சிக்கல் எல்லாம் 13 வயதுக்கு மேல். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், கிரிக்கெட் கோச்சிங், ஃபிரெண்ட்ஸ். 'நான் வரலைப்பா' என்றால் அப்பாவுக்குச் சுருக்கென்று இருக்கும். 'அவ சொல்லிக்கொடுத்துட்டா' என்று தோன்றும். சில வீடுகளில் அப்படியும் இருக்கலாம்தான். பெரும்பாலும் அந்த வயதின் இயல்பு அது. சேர்ந்து வாழ்கிற வீடுகளில் மட்டும் 15 வயதுப் பிள்ளை தாத்தா ஊருக்குக் குதித்துக்கொண்டா வருகிறது? தேதியை அதையே கேட்டு முடிவு செய்யுங்கள். 'யார்கூட இருக்க ஆசை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த வாரம் உனக்குத் தோதுப்படும்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம். இரண்டாவது கேள்வியில் அந்தச் சங்கடம் இல்லை.

'பையனை ஒரு மாசம் கூட்டிட்டுப் போனாரு, ஆனா அவரு ஆபீஸ் போயிட்டாரு. பாத்துக்கிட்டது எல்லாம் பாட்டிதான்!' - இது அம்மாக்கள் வழக்கமாகச் சொல்கிற புகார். என்னைக் கேட்டால், பாட்டியோடு இருப்பதும் லாபம்தான். ஆனாலும் முதல் மூன்று நாளாவது அப்பா லீவு போட்டுக் கூடவே இருக்க வேண்டும். வேறு வீடு, வேறு படுக்கை, வேறு குளியலறை என்று பிள்ளை தடுமாறுகிற நாட்கள் அவை.

மருந்துப் பை கூடவே போகட்டும்

டிரஸ்ஸைவிட முக்கியமான பை இது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை என்றால், மூச்சு இளைக்கும்போது அடிக்கும் இன்ஹேலர் மட்டும் போதாது. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும் சேர்ந்து போக வேண்டும். 'அங்கே நல்லாத்தானே இருக்கான்' என்று பத்து நாள் நிறுத்திவிட்டு, தீபாவளிப் புகையில் திணறவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு நாள் கூடுதலாகவே கொடுத்தனுப்புங்கள், ரயில் தாமதமாகலாம். டாக்டர் சீட்டின் நகல், தடுப்பூசி அட்டையின் நகல், எதைச் சாப்பிட்டால் அலர்ஜி, பிள்ளையின் எடை... ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நடுராத்திரி காய்ச்சலில் அப்பாவுக்கு எடை ஞாபகம் வராது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லீவுக்குப் போன இடத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் மறைக்கிறார்கள். 'சொன்னா கோர்ட்ல மனு போட்டுருவா, அப்புறம் பிள்ளையைக் காட்டவே மாட்டா' என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது; அப்படி மனு போடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஊரில் நாய் கடித்ததை மறைத்தால் என்ன ஆகும்? கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். பிறகு குறித்த நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள். அந்த நாட்களில் பிள்ளை அம்மா வீட்டில் இருக்கும்! அம்மாவுக்கே தெரியாவிட்டால் மிச்ச ஊசியை யார் போடுவது? ரேபிஸ் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. பட்டாசுத் தீக்காயமும் அப்படித்தான். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதை, மாவு தடவி, பேஸ்ட் தடவி, மூடி மறைத்து அனுப்பினால் சீழ் பிடித்துவிடும்.

மறைப்பதை நிறுத்த வேண்டியவர் ஒருவர் என்றால், மறைக்கவைப்பதை நிறுத்த வேண்டியவர் இன்னொருவர். முழங்கால் சிராய்ப்புக்கெல்லாம் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பினால், நாய்க்கடியை எவர் சொல்வார்?

நகரத்துப் பிள்ளைகளைக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் அனுப்பும்போது நீச்சல் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன வயிற்றுவலிக்கு வருவோம். மனசு சம்பந்தப்பட்டதுதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளைவிட்டுத் தள்ளி ஓர் ஓரமாக வரும் வலி, காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது - இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இவை இல்லாமல், லீவு நெருங்கும்போது மட்டும் வந்துபோகிற வலி என்றால் குழந்தைநல மருத்துவரிடம் வீட்டு நிலைமையையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தாலும் இதே யோசனைதான். திட்டாதீர்கள். சிறுநீரையும் சர்க்கரையையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள்.

கோர்ட் என்ன சொல்கிறது?

1956-ம் வருட இந்து மைனர் சட்டப்படி 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் யாரிடம் என்பதில் குழந்தையின் நலன்தான் முதல் அளவுகோல். 2015-ல் இந்தியச் சட்ட ஆணையம் தனது 257-வது அறிக்கையில், இரண்டு பேரும் சேர்ந்து வளர்க்கும் முறைக்கு இடம்தரச் சொல்லிப் பரிந்துரை செய்தது. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பில், குழந்தைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைக்க வேண்டும், கூட இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பேச வழி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் உத்தரவில் 'விடுமுறையில் பாதி' என்று ஒரே வரியில் இருந்தால் அதிலிருந்தே பத்துச் சண்டை முளைக்கும். எந்தப் பாதி? முதல் பாதியா, பின் பாதியா? லீவு விட்ட அன்றைக்கு ராத்திரியா, மறுநாள் காலையா? எங்கே ஒப்படைப்பது? லீவுக்குள் வருகிற சனிக்கிழமை யாருக்கு? அதனால் 'பள்ளி விடுமுறை தொடங்கும் மறுநாள் காலை 10 மணிக்கு இன்ன இடத்தில்' என்று எழுதச் சொல்லுங்கள். 'விடுமுறை ஏற்பாடு நடக்கும்போது வார ஏற்பாடு நிற்கும்' என்றும் ஒரு வரி இருக்கட்டும். ஏற்கெனவே உத்தரவு வாங்கியிருந்தாலும் பிள்ளை வளர வளர மாற்றிக்கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோடை லீவுக்காக மனு போடுகிறவர்கள் மே மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அப்போது நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை! விடுமுறைக்கால அமர்வுகளில் எல்லா மனுவும் எடுபடாது. மார்ச்சிலேயே போட்டுவிடுவது நல்லது. வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழிகாட்டல் கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம், பிரிந்தாலும் பிள்ளைக்கு ஆபத்தில்லாத பெற்றோருக்கு. குடித்துவிட்டு அடிக்கிறவர், பிள்ளையிடம் தப்பாக நடந்துகொள்கிறவர் விஷயத்தில் 'பண்டிகை நாளாச்சே, போய்ட்டு வரட்டும்' என்ற தாட்சண்யமே கூடாது. 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், குழந்தைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் பார்க்கும் அனுமதியை மாஜிஸ்திரேட் மறுக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. அவசரத்துக்கு 1098. குழந்தையே பேசலாம்.

வீடு திரும்பும் சாயங்காலம்

பிள்ளை அங்கே இருக்கும் நாட்களில் இங்கே வீடு வெறிச்சென்று இருக்கும். பக்கத்து வீட்டில் சரவெடி கேட்கும்போது கண் கலங்கும். கலங்கட்டும், தப்பில்லை. அண்ணன் வீட்டுக்கோ, தோழி வீட்டுக்கோ போய்விடுங்கள். போனில் மட்டும் 'நீ இல்லாம எனக்குத் தீபாவளியே இல்லடா' என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்ட பிறகு அந்தப் பிள்ளை மத்தாப்பை எப்படிக் கொளுத்தும்? 'எத்தனை வெடி வெடிச்சே? கம்பி மத்தாப்பைத் தண்ணியில போட்டியா?' என்று கேளுங்கள். போன் செய்யும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு சாப்பிட உட்காரும்போது அம்மா வீடியோ காலில் வந்தால், பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

திரும்பி வந்த அன்றைக்குப் பிள்ளை முறுக்கிக்கொண்டு இருக்கும். கேட்டதற்குப் பதில் வராது. சின்ன விஷயத்துக்குக் கத்தும். 'அங்கே போயிட்டு வந்தாலே இப்படித்தான் ஆகிடறான்' என்று அதை அப்பா கணக்கில் எழுதாதீர்கள். இரண்டு வீட்டுக்கும் இரண்டு சட்டதிட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒன்றிரண்டு நாள் ஆகும். பத்து நாள் பலகாரம் தின்ற வயிற்றுக்கு ரசம் சாதம் போட்டு, ஒன்பது மணிக்குப் படுக்கவையுங்கள். 'அங்கே யார் யாரு வந்தாங்க? என்னைப் பத்தி என்ன பேசினாங்க?' என்ற விசாரணை வேண்டாம். தானாகச் சொல்லும்போது, 'அப்பத்தா செஞ்ச அதிரசம் சூப்பர்ம்மா' என்றால், 'அப்படியா, எனக்கு ஒண்ணு எடுத்துட்டு வரக்கூடாதா?' என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை ஒரு டப்பா வந்தாலும் வரும்.

அப்பா எடுத்துக்கொடுத்த சட்டையைப் பீரோவின் அடியில் தள்ளிவிடாதீர்கள். ஸ்கூலில் கலர் டிரஸ் போட்டுப்போகிற நாள் வரும். அது எந்தச் சட்டையைக் கேட்கிறதோ அதை இஸ்திரி போட்டுக் கொடுங்கள்.